டனலிங் வளைவுக்கு எந்த மாதிரி? உயர்வெப்ப மீக்கடத்திகளுக்கான கோட்பாட்டுத் தேர்வுகள்

ஒய்.பி.சி.ஓ. (யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு) அல்லது பிஸ்கோ (பிஸ்மத் ஸ்ட்ரான்ஷியம் கால்சியம் காப்பர் ஆக்சைடு) எனும் மீக்கடத்தியில் எடுத்த ஒரு டனலிங் வளைவு, அதாவது மெல்லிய தடுப்பை எலக்ட்ரான் ஊடுருவும் மின்னோட்டத்தின் அளவீடு, இருக்கிறது. கிடையாக மில்லிவோல்ட், நெடுக்காக டி.ஐ./டி.வி. எனும் கடத்துதிறன். இதிலிருந்து மீக்கடத்தியின் ஆற்றல் இடைவெளியை (இணைந்த எலக்ட்ரான்களைப் பிரிக்கத் தேவையான ஆற்றலின் அளவு; கீழே டெல்டா) சொல்ல வேண்டும். புதுச்சேரியின் காலாப்பட்டில் முதுநிலைத் திட்டப்பணி செய்பவருக்கும், கடலூரிலோ அண்ணாமலை நகரிலோ முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்கும் இந்த இடத்தில் வரும் கேள்வி ஒன்றே: எந்தக் கோட்பாட்டு மாதிரியை எடுப்பது?

எல்லா மாதிரியும் ஏதோ ஒரு விதத்தில் பொருந்திவிடும், சிக்கலே அதுதான். ஒரே வளைவின் மேல் மூன்று மாதிரிகளை ஓட்டினால் மூன்று வெவ்வேறு இடைவெளிகள் வரும். மூன்று கோடுகளும் கண்ணுக்கு அழகாகப் படியும். அதனால் வளைவின் வடிவத்தைப் பார்த்து மாதிரியைத் தேர்வு செய்வது ஆபத்து. சந்தியை, அதாவது மீக்கடத்தியும் அதைத் தொடும் உலோகமும் சேரும் இடத்தை, பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும்: எலக்ட்ரான் படிகத்தின் எந்த முகம் வழியாக நுழைகிறது, நடுவில் உள்ள தடுப்பு எவ்வளவு பலமானது, அளவீடு எத்தனை கெல்வினில் நடந்தது. இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவைத்த பிறகு சூத்திரத்தைத் தொட்டால் போதும்.

முதலில் வெப்பநிலை

நம் பகுதிக் கல்லூரிகளில் திரவ நைட்ரஜன் எளிதாகக் கிடைக்கும். 77 கெல்வினில் ஒய்.பி.சி.ஓ. வில்லையின் மின்தடை பூஜ்யமாவதைக் காட்டிவிடலாம். அதே 77 கெல்வினில் டனலிங் அளவீடு செய்தால் எந்த மாதிரியையும் சோதிக்க முடியாது. வெப்பத்தால் வரும் மங்கல் ஏறத்தாழ 3.5 கே.டி. (கே. போல்ட்ஸ்மன் மாறிலி, டி. வெப்பநிலை). 77 கெல்வினில் அது 23 மில்லி எலக்ட்ரான்வோல்ட் (இனி மி.எ.வோ.). ஒய்.பி.சி.ஓ.வின் இடைவெளியே 20 மி.எ.வோ. அளவுதான், நிலைமாற்ற வெப்பநிலையான 92 கெல்வினை நெருங்குவதால் அதுவும் சுருங்கியிருக்கும். 20 கெல்வினில் மங்கல் 6 மி.எ.வோ.; 4.2 கெல்வினில் 1.3 மி.எ.வோ. மூடிய சுழற்சிக் குளிர்விப்பானில் 10 கெல்வின் வரை போக முடிந்தால் இடைவெளியைப் பற்றிப் பேசலாம். மாதிரிகளுக்கு இடையே வேறுபாடு காட்ட 4.2 கெல்வின் வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்து நடத்தும் அறிவியல் ஆய்வுக் கூட்டமைப்பின் கிளை இருக்கிறது. அது பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்காகவே ஏற்பட்டது. திட்டப்பணிக்குக் காலம் போதாது என்றால், வெளிவந்த வளைவுகளை எடுத்து மாதிரிகளை மட்டும் ஒப்பிடுவது நேர்மையான, முழுமையான வேலை. அதைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை.

கடத்துதிறனை அளக்க லாக்-இன் பெருக்கி சேர்க்கும் சிறு மாறுமின்னழுத்த அதிர்வும் இதே கணக்கில் சேரும். 0.5 மில்லிவோல்ட் ஆர்.எம்.எஸ். கொடுத்தால் ஏறத்தாழ 1.2 மில்லிவோல்ட் மங்கல். வெப்ப மங்கலை விடக் குறைவாக இதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இறக்கிப் பயனில்லை, இரைச்சல்தான் கூடும்.

நம் கடற்கரைக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. ஒய்.பி.சி.ஓ. ஈரத்தோடு வினைபுரியும், பேரியம் வெளியேறி, காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து பேரியம் கார்பனேட்டாக மேற்பரப்பில் படியும். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் வில்லையைத் திறந்து வைத்தால் அந்தப் படலமே தடுப்பாகிவிடும். அதன் தடிப்பு யாருக்கும் தெரியாது. சிலிக்கா ஜெல் போட்ட உலர்கலத்தில் வையுங்கள். அளக்கும் முன் மேல்தோலைச் சுரண்டிவிட்டு உடனே தங்க ஊசியைத் தொடச் செய்யுங்கள். பிஸ்கோ இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. இரண்டு பிஸ்மத் ஆக்சைடு அடுக்குகளுக்கு நடுவே ஒட்டு நாடாவால் பிளந்துவிடலாம். கிடைக்கும் முகம் அணு அளவில் தட்டையாக இருக்கும். வருடி டனலிங் நுண்ணோக்கி ஆய்வுகளில் பெரும்பகுதி பிஸ்கோவில் நடந்ததற்கு இதுதான் காரணம்.

டைன்ஸ்: எஸ்-அலையா, டி-அலையா

1960-இல் ஐவர் கியேவர் அலுமினியத்துக்கும் ஈயத்துக்கும் நடுவே ஆக்சைடு படலம் வைத்து இடைவெளியை நேரடியாக அளந்தார். 1978-இல் டைன்ஸும் கூட்டாளிகளும் அந்தப் படத்தில் ஒரு மங்கல் அளவுருவைச் சேர்த்தார்கள்: ஆற்றலோடு ஒரு கற்பனைப் பகுதியைக் கூட்டுவது, அதன் பெயர் காமா. இரண்டே அளவுருக்கள், டெல்டாவும் காமாவும். எளிமையால் எல்லோரும் முதலில் எடுப்பது இதைத்தான்.

ஈயத்துக்கும் நியோபியத்துக்கும் இது பொருந்தும். குப்ரேட்டுகளுக்கு (ஒய்.பி.சி.ஓ., பிஸ்கோ போன்ற காப்பர் ஆக்சைடு மீக்கடத்திகளுக்கு) எஸ்-அலை வடிவில், அதாவது எல்லாத் திசைகளிலும் ஒரே இடைவெளி என்று வைத்து, இதைப் போடுவது தவறு. வான் ஹார்லிங்கன் குழுவின் 1993 ஸ்குவிட் (மீக்கடத்திக் குறுக்கீட்டுக் கருவி) சோதனைகளும், சுயேயும் கர்ட்லியும் 1994-இல் செய்த முப்படிகச் சோதனையும் இடைவெளி டி-அலை வடிவம் கொண்டது என்பதை நிலைநாட்டிவிட்டன: டெல்டா பெருக்கல் கோசைன் 2 தீட்டா, நான்கு திசைகளில் பூஜ்யம், அடுத்தடுத்த இதழ்களில் குறி மாறும்.

பிழை எப்படி ஒளிந்துகொள்கிறது என்று எண்களில் பாருங்கள். காமா, டெல்டாவில் பத்தில் ஒன்று என்று வைப்போம். பூஜ்ய மின்னழுத்தத்தில் எஸ்-அலை சூத்திரம் தரும் கடத்துதிறன், சாதாரண நிலையில் 10 சதவீதம். டி-அலை சூத்திரத்தை எல்லாக் கோணங்களுக்கும் சராசரி செய்தால் 23 சதவீதம். உண்மையில் டி-அலையாக இருக்கும் வளைவின் மேல் எஸ்-அலையைப் போட்டால், அந்த 23 சதவீதத்தை எட்ட நிரல் காமாவை டெல்டாவில் 0.24 பங்குக்கு உயர்த்தும். பொருத்தம் சுமாராக இருக்கும். ஆய்வேட்டில் ‘வலுவான சிதறல்’ என்று எழுதப்படும். இல்லாத சிதறல் அது, கோணச் சராசரியை விட்டதற்கான அபராதம். அடிப்பகுதியைக் கவனித்தால் பிடிபடும்: டி-அலையில் கடத்துதிறன் பூஜ்யத்துக்கு அருகே நேர்கோடாக ஏறி ஆங்கில ‘வி’ போல் நிற்கும், எஸ்-அலையில் தட்டையான அடியோடு ‘யு’ போல் இருக்கும். உச்சிகளும் மாறும், டி-அலையில் மடக்கை அளவிலான மென்மையான கூர்மைதான்.

ஆகவே தடுப்பு பலமாக, எலக்ட்ரான் சி-அச்சு (காப்பர் ஆக்சைடு அடுக்குகளுக்குச் செங்குத்தான திசை) வழியாக நுழையும் சந்திக்கு, அதாவது பிளந்த பிஸ்கோவின் மேல் எடுத்த நுண்ணோக்கி வளைவுக்கு, டி-அலை டைன்ஸ் போதும். ஆனால் இந்த மாதிரி பூஜ்யத்தின் இரு பக்கமும் சமச்சீராக இருக்கும். பிஸ்கோவின் வளைவு அப்படி இருப்பதில்லை. நிரம்பிய நிலைகளின் பக்கம் உயர்ந்தே நிற்கும். இதைச் சரிக்கட்டச் சாய்ந்த பின்னணிக் கோடு ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். சேருங்கள், ஆனால் அது இயற்பியல் விளக்கம் இல்லாத திருத்தம் என்பதை எழுதிவிடுங்கள். இன்னொன்று: பிஸ்கோவில் இடைவெளி சில நானோமீட்டர் தூரத்துக்குள்ளேயே மாறும். வளைவுகளைச் சராசரி செய்துவிட்டுப் பொருத்தினால் உச்சிகள் கரைந்து காமா வீங்கும். ஒவ்வொரு புள்ளியின் வளைவையும் தனித்தனியே பொருத்தி, கிடைத்த டெல்டாக்களைச் சராசரி செய்யுங்கள்.

பி.டி.கே. மாதிரியும் அதன் டி-அலை வடிவமும்

தடுப்பு பலவீனமானால் டைன்ஸ் விழுந்துவிடும். நுழையும் எலக்ட்ரான் ஒரு துளையாக (எலக்ட்ரான் இல்லாத காலியிடமாக) திரும்பி, உள்ளே ஒரு கூப்பர் இணை (இணைந்த இரு எலக்ட்ரான்கள்) போகும். இது ஆண்ட்ரீவ் எதிரொளிப்பு. பிளாண்டர், டிங்க்கம், கிளாப்வைக் மூவரும் (பி.டி.கே.) 1982-இல் இசட் என்ற ஒரே எண்ணால் தெளிவான தொடர்பு முதல் முழுத் தடுப்பு வரை எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்தில் கொண்டுவந்தார்கள். ஊடுபுகும் வாய்ப்பு, 1 ÷ (1 + இசட் வர்க்கம்). இசட் 0 என்றால் இடைவெளிக்குள் கடத்துதிறன் இரு மடங்கு. இசட் 3 என்றால் பத்தில் ஒன்றுதான் புகும், கிட்டத்தட்டத் தூய டனலிங்.

படலமே இல்லாவிட்டாலும் இசட் பூஜ்யமாகாது. தங்கத்தின் ஃபெர்மி வேகம் (மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்களின் வேகம்) நொடிக்குச் சுமார் 14 லட்சம் மீட்டர். குப்ரேட்டுகளில் இரண்டு, மூன்று லட்சம். இந்த வேறுபாடு மட்டுமே எளிய கணக்கில் ஏறத்தாழ 1 என்ற பயனுறு இசட்டைத் தரும். தங்க ஊசியும் ஒய்.பி.சி.ஓ.வும் வைத்துக்கொண்டு 0.2 என்று பொருத்தம் வந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்பட வேண்டும்.

எஸ்-அலை பி.டி.கே.யைக் குப்ரேட்டில் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு மேலே சொன்னதை விடப் பெரிய காரணம் உண்டு. டி-அலையின் குறிமாற்றத்தை அது காணவே காணாது. 110 முகத்தில் (காப்பர்–ஆக்சிஜன் பிணைப்புகளுக்கு 45 பாகை சாய்ந்த படிக முகத்தில்) எலக்ட்ரான் மோதித் திரும்பும்போது போகும் வழியில் ஒரு குறியும், திரும்பும் வழியில் எதிர்க் குறியும் உள்ள இடைவெளியைச் சந்திக்கும். அப்போது மேற்பரப்பில் சரியாகப் பூஜ்ய ஆற்றலில் ஒரு கட்டுண்ட நிலை உருவாகும் என்று 1994-இல் ஹூ காட்டினார். 1995-இல் தனாகாவும் கஷிவாயாவும் அதை முழுக் கடத்துதிறன் சூத்திரமாக்கினார்கள். அளவுருக்கள் நான்கு: டெல்டா, காமா, இசட், முகத்தின் கோணமான ஆல்ஃபா. ஆல்ஃபா 0 என்றால் பழக்கமான இடைவெளி. 45 பாகை என்றால் நடுவில் ஓர் உயர்ந்த உச்சி. அந்த உச்சி தடுப்பு கூடக் கூட உயரும், ஒல்லியாகும். எஸ்-அலையில் பழகிய மனதுக்கு இது தலைகீழ்.

நம் ஆய்வகங்களில் யிட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், காப்பர் ஆக்சைடு மூன்றையும் 1:4:6 மோல் விகிதத்தில் அரைத்துச் சுட்டெடுக்கும் வில்லைகள் பல்படிகங்கள். ஊசி எந்த மணியின் எந்த முகத்தில் படுகிறது என்பது நம் கையில் இல்லை. ஆகவே வில்லையில் புள்ளித் தொடர்பு செய்பவருக்கு டைன்ஸும் உதவாது, எஸ்-அலை பி.டி.கே.யும் உதவாது, தனாகா–கஷிவாயா ஒன்றே வழி. ஆல்ஃபாவைச் சுதந்திரமாக விட்டு, பல தொடர்புகளில் எடுத்த வளைவுகளுக்கு டெல்டா ஒரே அளவாக வருகிறதா என்று பாருங்கள். ஆல்ஃபா மாறலாம்; டெல்டா தொடர்புக்குத் தொடர்பு தாவினால் மாதிரியிலோ தொடர்பிலோ கோளாறு.

கணினி வேலை பெரிதல்ல. 400 ஆற்றல் புள்ளிகள், −90 முதல் +90 பாகை வரை 200 கோணங்கள், ஒவ்வொன்றுக்கும் கோசைன் எடை. சாதாரண மடிக்கணினியில் பைத்தான் கண்ணிமைப்பதற்குள் முடித்துவிடும். ஒரு பொறி மட்டும் உண்டு. சூத்திரத்தில் உள்ள சிக்கலெண் வர்க்கமூலத்துக்கு இரண்டு விடைகள். நிரல்மொழி தானாக எடுப்பது எதிர்மறை ஆற்றலில் தவறான விடையாக இருக்கும். ஆண்ட்ரீவ் வீச்சின் அளவு எப்போதும் 1-க்கு மேல் போகாத மூலத்தையே எடுக்க வேண்டும். அதை விட்டால் வளைவின் ஒரு பாதி மட்டும் கோணலாக வரும். மாணவர்கள் அதைச் சமச்சீரின்மை என்று விளக்கத் தொடங்கிவிடுவார்கள்.

தரவைத் தொடும் முன் நிரலைச் சில எண்களால் சோதியுங்கள். வெப்பமும் காமாவும் இல்லாத எஸ்-அலையில், ஒரே திசையில் நேராக நுழையும் எலக்ட்ரானுக்கு, பூஜ்ய மின்னழுத்தத்தின் இயல்பாக்கிய கடத்துதிறன்: இசட் 0.5 என்றால் 1.11, இசட் 1 என்றால் 0.44. டி-அலை, ஆல்ஃபா 45 பாகை, இசட் 1, இரு பரிமாணக் கோணச் சராசரி என்றால் 5.3. இவை வரவில்லை என்றால் பொருத்தத்தைத் தொடங்காதீர்கள்.

தொடர்பு செய்யும் வஞ்சனைகள்

பி.டி.கே. குடும்பம் முழுவதும் ஒரு நிபந்தனையில் நிற்கிறது: தொடர்பின் ஆரம் எலக்ட்ரானின் சராசரி மோதலிடைத் தூரத்தை விடச் சிறியதாக இருக்க வேண்டும். ஓரிரு ஓம் தொடர்பு என்றால் ஆரம் சில பத்து நானோமீட்டர். குப்ரேட்டுகளில் அது அதிகம். நிபந்தனை உடைந்து தொடர்பு வெப்ப நிலைக்குப் போனால், குளிர்கலம் 4.2 கெல்வினில் இருந்தாலும் 20 மில்லிவோல்ட் கொடுத்ததும் தொடர்பின் நடு 64 கெல்வினுக்கு ஏறிவிடும். இடைவெளியைத் தேடும் இடத்திலேயே மாதிரியைச் சூடாக்கிக்கொண்டிருப்போம். இன்னொரு அடையாளம், வளைவின் இரு பக்கமும் வரும் கூர்மையான பள்ளங்கள். அவை பெரும்பாலும் மீறுமின்னோட்டத்தால் (மீக்கடத்தல் தாங்கும் மின்னோட்ட எல்லையைத் தாண்டுவதால்) வருபவை. எந்த மாதிரியிலும் பொருந்தாது. ஊசியை மெல்லப் பின்னிழுத்து மின்தடையை உயர்த்தும்போது பள்ளத்தின் மின்னழுத்தம் இடம் மாறினால் அது இடைவெளி அல்ல.

தொடர் மின்தடை அமைதியாகக் கெடுக்கும். 20 ஓம் தொடர்போடு 5 ஓம் மணிகளின் மின்தடை சேர்ந்திருந்தால் 20 மி.எ.வோ. இடைவெளி 25 என்று படிக்கப்படும். நான்முனை இணைப்பு கம்பிகளின் தடையை நீக்கும். வில்லையின் மணி எல்லைகளில் உள்ளதை நீக்காது.

நடு உச்சி தெரிந்த உடனே டி-அலை என்று எழுதிவிடவும் கூடாது. தடுப்பில் உள்ள காந்த அயனிகளும், மணிகளுக்கு நடுவே ஓடும் ஜோசப்சன் மின்னோட்டமும் (கூப்பர் இணைகள் தடுப்பைத் தாண்டுவதால் வருவது) இதே இடத்தில் உச்சி தரும். ஆண்ட்ரீவ் உச்சியின் உயரம் வெப்பநிலைக்கு எதிர் விகிதத்தில் குறைந்து, நிலைமாற்ற வெப்பநிலையில் மறையும். காந்த அயனி உச்சி மடக்கை அளவில் மெதுவாகக் குறைந்து அதற்கு மேலும் நீடிக்கும். காந்தப் புலம் இருந்தால் இன்னும் தெளிவு: காந்த அயனியின் பிளவு டெஸ்லாவுக்கு 0.116 மி.எ.வோ. என்ற சீமன் ஆற்றலின் அளவில் நேராகப் போகும். ஆண்ட்ரீவ் உச்சி அதை விட மிக அதிகமாகப் பிளக்கும். தாழ்புலத்தில் வேகமாக ஏறிப் பிறகு மெதுவாகும்.

டனலிங் ஹாமில்டோனியன்

பார்டீன் 1961-இல் தொடங்கிவைத்த இந்த அணுகுமுறை, தடுப்பைத் தாண்டும் தாவலைச் சிறு இடையூறாக எடுத்துக்கொள்கிறது. பலமான தடுப்புக்கு மட்டும். இதன் பயன், அணிக்கூறு (ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் வலிமை) என்ற எடையை நாமே வைக்க முடிவது. பட்டையின் நிலை அடர்த்தியை நேராகப் பெருக்கி வான் ஹோவ் உச்சியை (நிலை அடர்த்தி கூர்மையாக உயரும் இடத்தை) வளைவில் தேடுபவர்கள் ஹாரிசன் 1961-இலேயே காட்டியதை மறக்கக் கூடாது: எளிய தட்டைச் சந்தியில் வேகக் காரணி நிலை அடர்த்தியை ரத்து செய்துவிடும். குப்ரேட்டின் சி-அச்சில், அடுக்கிலிருந்து அடுக்குக்குத் தாவும் வீச்சு (கோசைன் எக்ஸ் − கோசைன் ஒய்) வர்க்கத்தைப் போல் மாறும். அதாவது இடைவெளி பூஜ்யமாகும் திசைகளில் தாவலும் பூஜ்யம். உந்தம் காக்கப்படும் உள்ளார்ந்த பிஸ்கோ சந்திகளுக்கு (படிகத்தின் அடுக்குகளுக்கு இடையிலேயே உள்ளவற்றுக்கு) இந்த எடை வேண்டும்.

இதே தாவலை மீக்கடத்தலுக்கே காரணமாக்கிய அடுக்கிடை டனலிங் மாதிரியை ஆண்டர்சன் குழு முன்வைத்தது. தாலியம் குப்ரேட்டில் 1998-இல் அளந்த சி-அச்சு ஊடுருவல் ஆழம் சுமார் 20 மைக்ரோமீட்டர். மாதிரி சொன்னது 1 மைக்ரோமீட்டர் அளவு. அதோடு அந்தத் தேர்வு முடிந்தது. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எலியாஷ்பெர்க்

உச்சிக்கு வெளியே ஒரு பள்ளம், அதற்கு வெளியே ஒரு மேடு. பிஸ்கோவில் தெளிவாகத் தெரியும் இந்த வடிவத்தை மேலே சொன்ன எந்த மாதிரியும் தராது. எலக்ட்ரான் ஏதோ ஓர் அதிர்வோடு வலுவாக இணைந்திருப்பதை எலியாஷ்பெர்க் கோட்பாடு கணக்கில் எடுக்கும். 1965-இல் மக்மில்லனும் ரோவெலும் ஈயத்தின் வளைவைத் தலைகீழாகக் கணக்கிட்டு ஃபோனான் (படிக அதிர்வு) நிறமாலையையே எடுத்தது இதன் பெரும் வெற்றி. குப்ரேட்டில் அதைத் திருப்பிச் செய்ய ஆசை வரும். தடை, இயல்பாக்கம். ஈயத்தில் காந்தப் புலம் வைத்து மீக்கடத்தலை அணைத்துச் சாதாரண வளைவை எடுத்துவிடலாம். இங்கே மேல் மீறுபுலம் (மீக்கடத்தலை அணைக்கத் தேவையான காந்தப் புலம்) மிகப் பெரியது. வெப்பநிலையை ஏற்றினாலோ போலி இடைவெளி (நிலைமாற்ற வெப்பநிலைக்கு மேலும் நீடிக்கும், இடைவெளி போன்ற பள்ளம்) நிற்கிறது. பின்னணியைக் கையால் வரைந்தால், தேடும் 5 சதவீத நுட்பம் அந்தக் கையெழுத்தாகவே இருக்கும்.

பள்ளத்தின் இடத்திலிருந்து டெல்டாவைக் கழித்தால் அதிர்வின் ஆற்றல். 38 மி.எ.வோ.வில் உச்சி, 80 அருகே பள்ளம் என்றால் சுமார் 42 மி.எ.வோ.; நியூட்ரான் சிதறலில் தெரியும் காந்த ஒத்ததிர்வு 40 சொச்சத்தில் இருக்கிறது. 2006-இல் ஆக்சிஜன் ஐசோடோப்பு மாற்றி எடுத்த நுண்ணோக்கி அளவீடோ 52 அருகே படிக அதிர்வைச் சுட்டியது. முழுத் தலைகீழ்க் கணக்கை முதுநிலைத் திட்டப்பணிக்கு எடுக்க வேண்டாம், 4.2 கெல்வினில், ±150 மில்லிவோல்ட் வரை, ஒற்றைப் படிகத்தில் எடுத்த தரவு இருந்தால் மட்டும் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுக்கலாம்.

மீக்கடத்தியின் நிலைகளை இடத்துக்கு இடம் கணக்கிடும் போகோலியுபோவ்–டி ஜென் சமன்பாடுகளைப் படிக அணிக்கோவையில் நேரடியாகத் தீர்ப்பது துத்தநாகம் போன்ற மாசணுவைச் சுற்றிய வளைவுக்குத்தான் தேவை. 40 × 40 கோவைக்கு 3,200 × 3,200 அணி, மடிக்கணினி தாங்கும். ஆனால் நிலைகளின் இடைவெளி கரடுமுரடாக இருக்கும். கோவையைத் திரும்பத் திரும்ப அடுக்கி உந்தப் புள்ளிகளைப் பெருக்காமல் தாழ் ஆற்றல் பகுதியை நம்ப முடியாது.

பொருத்தும் வரிசை

இசட்டையும் காமாவையும் ஒரே நேரத்தில் விட்டால் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யும். வெப்பநிலையை அளந்த மதிப்பில் நிலைநிறுத்துங்கள். அதை ஒருபோதும் பொருத்தும் அளவுருவாக்காதீர்கள். முதலில் மிகத் தாழ்ந்த வெப்பநிலை வளைவில் நான்கையும் கண்டுபிடியுங்கள். பிறகு அதே தொடர்பை வெப்பப்படுத்தி எடுத்த வளைவுகளுக்கு இசட்டையும் ஆல்ஃபாவையும் பூட்டிவிட்டு, டெல்டாவையும் காமாவையும் மட்டும் விடுங்கள். சந்தியின் வடிவம் வெப்பத்தோடு மாறாது. பூட்டிய பிறகு பொருத்தம் உடைந்தால் தொடர்பு நகர்ந்திருக்கிறது, அல்லது மாதிரி தவறு. ஆய்வேட்டில் டெல்டாவோடு இசட், காமா, ஆல்ஃபா, தொடர்பின் மின்தடை, பின்னணிக் கோட்டின் வடிவம் ஆகியவற்றையும், அளந்த வளைவிலிருந்து பொருத்தத்தைக் கழித்த எச்சத்தின் படத்தையும் கொடுங்கள். எச்சம் பூஜ்யத்தைச் சுற்றிச் சிதறாமல் அலை போல் ஏறி இறங்கினால், வேறு மாதிரிக்குப் போக வேண்டிய இடம் அதுவே.